உப்புவெளியில மஞ்சள் கோட்டில ஒருத்தரும் நிப்பாட்டுறதில்லை: தண்டமா, மேடையா?

கோணமலையான்:
மே தொடங்கி செப்ரெம்பர் மட்டும் திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளி முழுக்க வெளிநாட்டுக்காரர். வார இறுதியில கோணேசர் கோயிலுக்கும் பிரட்றிக் கோட்டைக்கும் பஸ் பஸ்ஸாச் சனம். இவ்வளவு பேர் நடக்கிற ஊரில மஞ்சள் கோடு எண்டு நாங்கள் சொல்லுற பாதசாரிக் கடவை வெறும் கோலமாக் கிடக்குது. கடவையில கால் வைச்ச ஆளுக்கு வழிவிட வேணும் எண்டதுக்குப் புதுச் சட்டம் ஒண்டும் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தில இருக்கிறதே காணும். ஒரு மாதம் விடாமல் தண்டம் எழுதினால் எல்லாரும் நிப்பாட்டுவாங்கள். கடவையை மேடையா உயர்த்து, லைற் போடு எண்டு திரியிறது காசைக் கரியாக்கிற வேலை. மறுக்கிற ஆக்கள் காரணத்தோட வாங்கோ.

தார்வீதி:
தண்டத்தை நான் எதிர்க்கவில்லை. அதை முதலாவதாக வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். ஆளைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒன்றரைச் செக்கன் என்றால் அதற்குள் 21 மீற்றர் போய்விடும். காய்ந்த தாரில் பிறேக் பிடித்து நிற்க இன்னுமொரு 14. மொத்தம் 35 மீற்றர். மாரி மழையில் இது 45ஐத் தொடும். அதே வாகனம் 30இல் வந்தால் 18 மீற்றருக்குள் நின்றுவிடும். நிலாவெளி வீதி நேரான, அகலமான வீதி. கால் தானாகவே அமத்தும். 20 மீற்றர் முன்னால் ஆள் இறங்கினால் நிற்க மனமுள்ளவனாலும் நிற்க ஏலாது. அவனுக்குத் தண்டம் எழுதி என்ன பயன்?

கடவையையே மேடையாக உயர்த்த வேண்டும். உயரம் 75 முதல் 100 மில்லிமீற்றர், மேல்தட்டை குறைந்தது 4 மீற்றர். சரிவு ஒன்றுக்குப் பத்து வைத்தால் 100 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு மீற்றர் நீளம். பஸ் ஓடுகிற வீதி என்பதால் ஒன்றுக்குப் பதினைந்து, அதாவது ஒன்றரை மீற்றர் கொடுக்கலாம்.

மூன்றுசில்லு:
அண்ணை, படத்தில கீற எல்லாம் வடிவாத்தான் இருக்கும். ஓட்டோவுக்கு முன்னுக்கு ஒரு சில்லு, அது நடுவில. கார்க்காரன் ஒரு பக்கச் சில்லை ஓரத்தில விட்டுத் தப்புவான், எங்களுக்கு அது சரிவராது. பின்னுக்குப் பிள்ளைத்தாச்சியோ முதுகு நோவுக்காரரோ இருந்தால் கதை வேற. பொது ஆஸ்பத்திரிக்குப் போற அம்புலன்ஸையும் யோசியுங்கோ. அதோட, பெயின்ற் போய், லைற்றும் இல்லாத மேடு இரவில கடவையை விட ஆபத்து.

இன்னொண்டு. நிப்பாட்டினால் நல்லது எண்டு எல்லாரும் சொல்லுறியள். நான் நிப்பாட்டுறன், நடக்கிற ஆள் என்னை நம்பி இறங்குது. பின்னால வாற மோட்டார் சைக்கிள் இடப்பக்கத்தால வெட்டி எடுக்குது, இல்லாட்டி பஸ் வலப்பக்கத்தால ஏறுது. ரெண்டு பேருக்கும் ஆளைத் தெரியாது, நடுவில என்ர வண்டி மறைக்குது. நிப்பாட்டாமல் போனவனால வராத சாவு நிப்பாட்டினவனால வரும். இதுக்கு மறுமொழி சொல்லுங்கோ, பிறகு மேடையைப் பற்றிக் கதைப்பம்.

தார்வீதி:
இந்த இழையில் இதுவரை வந்த ஆகச் சரியான கேள்வி இதுதான், தம்பி. மறைப்புதான் ஆளைக் கொல்கிறது. இதற்கு மேடையை விட மலிவான மருந்து உண்டு: நிறுத்தற் கோட்டைக் கடவைக்கு ஒட்டி இடாமல் 6 முதல் 10 மீற்றர் முன்னுக்கே இடுவது. ஓட்டோ அந்தக் கோட்டில் நின்றால் முன்னால் ஒரு வெளி விழும். முந்தி வருகிறவனுக்கு நடக்கிறவர் தெரிவார், நடக்கிறவருக்கும் அவன் தெரிவான். கடவைக்கு முன் 30 மீற்றருக்கு நடுக்கோட்டை உடையாத கோடாக இட வேண்டும். ஓரத்தில் 10 மீற்றருக்கு ஒரு வாகனமும் தரிக்கக் கூடாது. குரும்பை விற்கிற வண்டியும் அதற்குள் அடக்கம், மனவருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

பஸ் ஹோல்ற்றும் மாற வேண்டும். தரிப்பிடம் கடவைக்கு முன்னால் இருந்தால் இறங்குகிற சனம் பஸ்ஸின் மூக்கைச் சுற்றித்தான் வீதியில் இறங்கும். கடவையைத் தாண்டி 15 மீற்றருக்கு அப்பால் வைத்தால் பஸ்ஸின் பின்னால் நடந்து வந்து கடப்பார்கள். பலகையைக் கழற்றி நடுவதுதான் செலவு.

கோணமலையான்:
கோடு, கோடு எண்டு எத்தினை கோடு? போன முறை அடிச்சதே ஆறு மாதத்தில காணாமல் போச்சு.

தார்வீதி:
அது சாதாரணப் பெயின்ற், போகத்தான் செய்யும். நான் சொல்வது சூடாக்கி ஊற்றுகிற தேமோபிளாஸ்ரிக். 180 பாகைக்கு மேல் உருக்கி 3 மில்லிமீற்றர் தடிப்பில் இழுப்பார்கள். 7 மீற்றர் வீதி, கடவையின் ஆழம் 3 மீற்றர், அரை மீற்றர் பட்டை, அரை மீற்றர் இடைவெளி என்றால் ஏழு பட்டை, 10.5 சதுர மீற்றர். இரண்டு பக்க நிறுத்தற் கோடும் 30 சென்ரிமீற்றர் அகலத்தில் இன்னும் 2.1. சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 6 கிலோ பிடிக்கும். ஆக 76 கிலோ. 25 கிலோ மூட்டை மூன்று மயிரிழையில் காணாது, நாலு எடுக்க வேண்டும். மேலே தூவுகிற கண்ணாடி மணி 5 கிலோ.

பிழைக்கிற இடங்கள் மூன்று. ஈரத் தாரில் இழுத்தால் பட்டை பட்டையாக உரியும். மணியைச் சூடு ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது, இரவில் கோடு மின்னாது. வழுக்காமலிருக்கக் கரடுமுரடான துகள் சேர்க்காவிட்டால் மழைக்கு மோட்டார் சைக்கிள் சறுக்கும். எங்கள் ஊரில் ஒக்ரோபர் முதல் ஜனவரி மட்டும் மழை, மேயில் சீசன். பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் செய்யாவிட்டால் அந்த வருடம் விட்டதுதான்.

அலைவாய்:
உப்புவெளியில தங்குமிடம் நடத்துறவையின்ர பக்கத்தையும் கேளுங்கோ. மேடை எண்டால் நாங்கள் எதிர்ப்பம். வெறும் லொறி இரவு ரெண்டு மணிக்கு மேடையில ஏறி இறங்கினால் பின்கதவு அடிக்கிற சத்தத்தில விருந்தாளி எழும்பி இருப்பினம்.

நீங்கள் ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு இருக்கு. ஜேர்மனி, பிரான்ஸ், ரஷ்யாக்காரர் தங்கட நாட்டில வலப்பக்கம் ஓடிப் பழகினவை. வீதியில இறங்கேக்க முதல் பார்வை இடப்பக்கம் போகும், இஞ்ச வண்டி வலப்பக்கத்தால வருது. லண்டனில கடவை விளிம்பில நிலத்திலயே "வலப்பக்கம் பார்" எண்டு எழுதி இருக்குது. அப்பிடி அம்புக்குறியோட எழுதினால் பாதிப் பிரச்சினை குறையும். மற்றது இருட்டு. ஏழு மணிக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைக்கு வீதியைக் கடக்கிற ஆள் நிழல் மாதிரித்தான் தெரியும். நகருக்குள்ள எண்டால் மானும் சேர்ந்து கடக்குது. அதுக்கு நிப்பாட்டுறவை மனிசருக்கும் நிப்பாட்டலாம்.

தார்வீதி:
லைற் விசயத்தில் ஒரு திருத்தம், அக்கா. கம்பத்தைக் கடவைக்கு நேர் மேலே நட்டால் உச்சந்தலைதான் தெரியும். வாகனம் வருகிற பக்கமாகச் சற்று முன்னால் நட்டால்தான் ஒளி நடக்கிறவரின் உடம்பில் விழும். இரண்டு திசைக்கும் இரண்டு கம்பம் வேண்டும். ஒன்று நட்டுக் காசு மிச்சம் பிடித்தால் மற்றத் திசையில் ஆள் கறுப்பு உருவமாகவே தெரிவார்.

சத்தம் உண்மைதான். அதனால்தான் நீளமான சரிவு கேட்டேன். தங்குமிடங்களுக்கு முன்னால் வேண்டாமென்றால் நடுவில் 2 மீற்றர் அகலத் திட்டு வைத்து, ஓடுபாதையை 3 மீற்றராக ஒடுக்கலாம். கடக்கிறவர் 7 மீற்றரை ஒரே மூச்சில் கடக்கத் தேவையில்லை, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். ஆனால் வீதியில் அதற்கு 8 மீற்றர் அகலம் வேண்டும். இல்லாத இடத்தில் மேடைதான்.

மேடை போடும்போது ஓர வடிகாலை அடைத்துவிடக் கூடாது. 200 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு இரும்புக் கம்பித் தட்டு போட வேண்டும். அடைத்தால் நவம்பர் மழைத் தண்ணி மேடைக்கு முன்னால் தேங்கி, தார் கிளம்பி, பள்ளம் விழும். பிறகு ஓட்டுநர் பள்ளத்தைத் தவிர்க்க வெட்டுவது சரியாகக் கடவையில்தான்.

கோணமலையான்:
எல்லாம் சரி. கோடும் லைற்றும் போட்ட பிறகும் நிப்பாட்டாதவனை என்ன செய்யிறது? கும்பிடுறதோ? கொலம்பியா நாட்டுப் போகோற்றா நகரில மொக்கஸ் எண்டவர் மேயரா இருக்கேக்க ஊமைக்கூத்துக்காரரை விட்டு ஓட்டுநரை நையாண்டி செய்தது மாதிரி இஞ்சையும் செய்வமா? நாலு நாள் செல்பி எடுப்பாங்கள், ஐஞ்சாம் நாள் மறந்திடுவாங்கள்.

சந்திக்காவல்:
தண்டம் வேலை செய்யும், நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. சீருடையில் ஒருவர் கடவையில் நின்றால் அவர் நிற்கும் மட்டும் எல்லோரும் நல்ல பிள்ளைகள். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் பழைய குருடி.

முறை இதுதான். கடவையிலிருந்து 40 மீற்றரில் நிலத்தில் ஒரு அடையாளம். சாதாரண உடுப்பில் ஒரு பொலிஸார் நடக்கிறவராக நிற்பார். வாகனம் அந்த அடையாளத்துக்கு அப்பால் இருக்கும்போது மட்டும் காலை வைப்பார். 50இல் வந்தவனுக்கும் நிற்கத் தூரம் கிடைத்தது என்று காட்டலாம். தார்வீதி சொன்ன "நிற்க ஏலாது" என்ற வாதம் அங்கே விழுந்துவிடும். இரண்டாவது ஆள் வீடியோ எடுப்பார். இன்னும் இரண்டு பேர் 80 மீற்றர் தள்ளி, ஓரம் அகலமான இடத்தில் மறிப்பார்கள். கடவையிலேயே மறித்தால் நிற்கிற வண்டிகளே அடுத்த மறைப்பு. முதல் இரண்டு கிழமை தண்டம் இல்லை, தமிழிலும் சிங்களத்திலும் துண்டுப்பிரசுரம் மட்டும். மழை நாளில் இதைச் செய்யக் கூடாது, 40 மீற்றர் காணாது.

அமெரிக்காவில் கெயின்ஸ்வில் நகரில் இப்படிச் செய்தார்கள். எத்தனை வீதம் பேர் வழிவிட்டார்கள் என்று வீதியோரப் பலகையிலும் எழுதினார்கள். வழிவிடுவது கூடியது.

மூன்றுசில்லு:
அப்ப பஸ்ஸையும் மறிப்பியளோ? தனியார் பஸ்ஸும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் நேரத்துக்கு அடிபட்டு ஓடுதுகள். மறிக்கிறது எப்பவும் ஓட்டோவைத்தான். பஸ்ஸை மறிச்சால் அறுபது சனம் கத்தும் எண்டு விட்டிடுவாங்கள்.

சந்திக்காவல்:
நியாயம். பஸ்ஸை வீதியில் மறிக்கத் தேவையில்லை. வீடியோவில் இலக்கமும் நேரமும் இருந்தால் பஸ் நிலையத்தில் வைத்தே எழுதலாம்.

அலைவாய்:
ஆருக்கு எழுதுறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?

தார்வீதி:
பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. மேடை, கோடு, திட்டு எல்லாம் அங்கே. கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகள் 'பட்டினமும் சூழலும்' பிரதேச சபையினுடையவை. தரிப்புத் தடை என்றால் பொலிஸையும் சேர்க்க வேண்டும். ஒரே கடிதத்தை மூன்று இடத்துக்கும் பிரதி போட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். கடிதத்தோடு எண்ணிக்கை போனால்தான் எடுபடும். ஒரு கடவை, நூறு கடப்பு. 40 மீற்றருக்கு அப்பால் வந்த முதல் வாகனம் நின்றதா, இல்லையா, அவ்வளவுதான். காலை 7 முதல் 8, மாலை 5 முதல் 7. பொலிஸ் நிற்கிற நாளை விட்டுவிடுங்கள்.

கோணமலையான்:
சரி, எண்ணுவம். நூற்றில ஐம்பதுக்கு மேல நிப்பாட்டினால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிறன்.

மூன்றுசில்லு:
ஓட்டோ, பஸ், மோட்டார் சைக்கிள், வான் எண்டு நாலு நிரல் போட்டு எண்ணுங்கோ. மொத்தமா எண்ணினால் பழி எங்களுக்குத்தான் வரும்.

அலைவாய்:
பின்னேரம் எண்டால் போர் வீரர் மயானத்துக்குக் கிட்ட உள்ள கடவையை எடுங்கோ. அளவு நாடாவும் சோக்கும் நான் கொண்டு வாறன்.