போலி பேஸ்புக் கணக்கு, டெலிகிராம் சனல், கூகுள் தேடல்: எதை முதலில் ரிப்போர்ட் பண்ணுவது?

வெள்ளவத்தை_வாசகர் எழுதியது:

வணக்கம். 22 வயதுப் பிள்ளை ஒருவருக்கு உதவி தேவை. அவருடைய பெயரில் ஒரு போலி பேஸ்புக் கணக்கு ஓடுகிறது. புரொஃபைல் படம் அவர் தானே எடுத்த செல்ஃபி, கீழே அவருடைய உண்மையான போன் நம்பர். ஒரு டெலிகிராம் சனலில் அவருடைய அந்தரங்கப் படங்கள் இரண்டு. அதில் ஒன்று அவருடையதே இல்லை, முகத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். பெயரைக் கூகுளில் அடித்தால் வேறொரு தளத்தில் அதே படங்களின் சின்ன உருவம் வருகிறது. பேஸ்புக்கில் மூன்று தரம் ரிப்போர்ட் பண்ணியும் "எங்கள் விதிகளை மீறவில்லை" என்றே பதில். இப்போது வட்ஸ்அப்பில் ஒருவன் காசு கேட்கிறான். எந்த ஒழுங்கில் செய்வது? பொலிசுக்கு முதலில் போவதா, படத்தை முதலில் எடுப்பிப்பதா?

—

கொட்டாஞ்சேனை_கணினி எழுதியது:

எடுப்பிப்பதற்கு முதல் ஆதாரம். பதிவு நீங்கிவிட்டால் லிங்கும் செத்துவிடும், பிறகு பொலிசில் காட்ட ஒன்றும் இராது. அரை மணித்தியாலம் போதும்.

முக்கியமானது லிங்க். ஸ்க்ரீன்ஷொட் இரண்டாம்பட்சம். போலிக் கணக்கைக் கணினி பிரவுசரில் திறந்து, மேலே முகவரி முழுதாகத் தெரிய, திகதியும் நேரமும் மூலையில் விழ ஸ்க்ரீன்ஷொட் எடுங்கோ. புரொஃபைல் முகவரியில் நீண்ட எண் ஒன்று இருந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கோ. கணக்கின் பெயரை அவன் நாளைக்கே மாற்றலாம், அந்த எண் மாறாது. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று புள்ளியை அழுத்தி லிங்கை எடுத்து ஒரு கோப்பில் திகதியோடு போடுங்கோ. ஸ்டோரி என்றால் 24 மணித்தியாலம்தான், அதை முதலில் எடுங்கோ.

டெலிகிராமில் செய்தியை அழுத்தி லிங்கைக் கொப்பி பண்ணினால் சனலின் பெயரும் அதற்குப் பிறகு ஒரு எண்ணும் வரும். அந்த எண்தான் குறிப்பிட்ட செய்தி. எண் இல்லாமல் சனல் லிங்கை மட்டும் அனுப்பினால், ஆயிரம் பதிவுக்குள் பார்ப்பவர் எதைத் தேடுவார்? சனல் பெயருக்குப் பதிலாக "சி" என்ற ஆங்கில எழுத்தும் நீண்ட எண்ணும் வந்தால் அது மூடிய குழு. உள்ளே இருப்பவர்தான் அப்பிலிருந்தே ரிப்போர்ட் பண்ண வேண்டும், வெளியாளுக்கு அந்த லிங்க் திறக்காது.

காசு கேட்கிறவனை இப்போதைக்கு பிளொக் பண்ண வேண்டாம், பதிலும் போட வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த கிழமை இரண்டு மடங்கு கேட்பான். அவன் தந்த வங்கிக் கணக்கு எண்ணோ போன் நம்பரோதான் பொலிசுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல துப்பு. உரையாடலை எக்ஸ்போர்ட் பண்ணி வைத்த பிறகு ரிப்போர்ட் பண்ணுங்கோ. வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் பண்ணும்போது அவன் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வட்ஸ்அப்புக்குப் போகும், அவனுக்கு அறிவித்தல் போகாது. அதே இடத்தில் பிளொக் பண்ணி உரையாடலை அழிக்கவா என்றும் கேட்கும். அந்தப் பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கோ. பலர் ஆதாரத்தை இழப்பது அங்கேதான்.

—

தெமட்டகொட_நண்பன் எழுதியது:

சுகமான வழி இருக்கு. லிங்கை எல்லா குரூப்பிலும் போட்டு 200 பேரை ஒரே நேரத்தில் ரிப்போர்ட் பண்ணச் சொல்லுங்கோ. கணக்கு தானாகப் பறக்கும்.

—

பம்பலப்பிட்டி_இணையம் எழுதியது:

தம்பி, அதைச் செய்ய வேண்டாம். 200 பேரிடம் லிங்கைக் கொடுத்தால் 200 பேர் பார்க்கிறார்கள், நாலு பேர் சேமிக்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் பதிவு நீங்கும் என்பதும் கிடையாது. விதி மீறப்பட்டதா என்றுதான் பார்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவரே சரியான வகையில் போடும் ஒரு ரிப்போர்ட், மற்றவர்கள் "ஸ்பாம்" என்று போடும் நூறை விட மேல்.

மூன்று தரம் தோற்றதற்குக் காரணமும் அநேகமாக வகைதான். போலிக் கணக்கில் உள்ள *பதிவை* ரிப்போர்ட் பண்ணியிருப்பீர்கள். ஒரு செல்ஃபி, ஒரு பெயர், ஒரு நம்பர்: தனியாகப் பார்த்தால் அதில் தவறு தெரியாது. ரிப்போர்ட் பண்ண வேண்டியது புரொஃபைலை. புரொஃபைலில் மூன்று புள்ளி, ரிப்போர்ட், போலிக் கணக்கு அல்லது வேறொருவராக நடிப்பது, பிறகு "நான்" என்று தெரிவு செய்ய வேண்டும். இதை அந்தப் பிள்ளை தன் சொந்தக் கணக்கிலிருந்து செய்யட்டும். கணக்கே இல்லாவிட்டால் ஆள்மாறாட்டத்துக்கென்று உதவிப் பக்கத்தில் தனிப் படிவம் இருக்கிறது. அதில் அடையாள அட்டைப் படம் கேட்பார்கள். மெனுச் சொற்கள் அடிக்கடி மாறும். தமிழ் மெனுவில் சில வகைகளின் மொழிபெயர்ப்பு தலையும் புரியாது காலும் புரியாது, ஆகவே அந்தப் பத்து நிமிடத்துக்கு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கோ.

விளக்கம் எழுதும் பெட்டி வந்தால் கதை எழுத வேண்டாம். மூன்று வரி: இது நான், இந்தக் கணக்கு என்னுடையது அல்ல, என் போன் நம்பரை அனுமதியின்றிப் போட்டிருக்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய ஆபாச வசனம் இருந்தால் அதன் பொருளையும் ஒரு வரியில் சொல்லுங்கோ. அந்த வசனங்கள் இயந்திரத்துக்கும் பிடிபடாது, தமிழ் தெரியாத பரிசீலகருக்கும் பிடிபடாது.

மறுத்தால் "மீளாய்வு" கேட்கலாம். அதுவும் மறுக்கப்பட்டு ஒரு குறிப்பு எண் வந்தால், 15 நாளுக்குள் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மேற்பார்வைச் சபைக்கு மேன்முறையீடு செய்ய இடமுண்டு. ஆனால் அது மெதுவான வழி, அவசரத்துக்கு உதவாது.

செல்ஃபி அவரே எடுத்ததென்றால் பதிப்புரிமை முறைப்பாடும் வேலை செய்யும், சில வேளை மற்றதை விட வேகமாகவே. ஒரு பொறி: பதிப்புரிமை முறைப்பாட்டில் நீங்கள் கொடுக்கும் பெயரும் ஈமெயிலும் எதிராளிக்குப் போகும். வீட்டு விலாசத்தோடு தொடர்புள்ள ஈமெயிலைக் கொடுக்க வேண்டாம், இதற்கென்று புதிதாக ஒன்று திறக்கச் சொல்லுங்கோ.

படங்கள் இன்னொரு இடத்தில் ஏறாமல் தடுக்க ஸ்டொப்-என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது. 2021 டிசம்பரில் பிரித்தானியாவிலிருந்து தொடங்கியது. படத்தை அங்கே அனுப்புவதில்லை. போனுக்குள்ளேயே படத்திலிருந்து ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஓர் எண்சரம், உண்டாகும். அது மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ரெடிட் போன்ற பங்காளித் தளங்களுக்குப் போகும். 18 வயதுக்கு மேற்பட்டவர், படத்தில் இருப்பவர் தானே செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், அவருக்காகச் செய்ய முடியாது. முகம் ஒட்டிய போலிப் படத்துக்கும் செல்லும். முடிவில் ஒரு வழக்கு எண்ணும் ஒரு பின் எண்ணும் தருவார்கள். அந்தப் பின்னைத் தொலைத்தால் திரும்ப எடுக்க வழியில்லை, காகிதத்தில் எழுதுங்கோ.

இதற்கும் எல்லை உண்டு. படம் என்றால் சிறு மாற்றத்தை, நிறம் குறைந்ததையோ அளவு சுருங்கியதையோ, கண்டுபிடித்துவிடும். பெரிதாக வெட்டினால் தப்பிவிடலாம். வீடியோவுக்குப் பயன்படும் ஹாஷோ ஒரு பைட் மாறினாலும் வேறாகிவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போதே வீடியோ சுருக்கப்படுவதால், கையிலுள்ள மூலப் பிரதியையும் சுற்றித் திரியும் பிரதியையும் இரண்டையும் சேர்க்க வேண்டும். தனிப்பட்ட வட்ஸ்அப் உரையாடலுக்குள் இது எட்டாது, டெலிகிராமிலும் இதை நம்பியிருக்க வேண்டாம். டெலிகிராமுக்கு அப்புக்குள் ரிப்போர்ட், அதோடு அவர்களுடைய முறைகேட்டு ஈமெயிலுக்குச் செய்தி எண்ணோடு கூடிய லிங்குகள். இரண்டையும் செய்யுங்கோ.

—

வெள்ளவத்தை_வாசகர் எழுதியது:

மிக்க நன்றி. ஒரு விஷயத்தைப் பிள்ளை இப்போதுதான் சொன்னார். உண்மையான படம் அவருக்கு 16 வயதில் எடுத்ததாம். இது எதையும் மாற்றுமா?

—

பம்பலப்பிட்டி_இணையம் எழுதியது:

அந்தப் படத்தைப் பொறுத்தவரை எல்லாமே மாறும். இன்றைய வயதைப் பார்ப்பதில்லை, எடுக்கப்பட்டபோது இருந்த வயதுதான் கணக்கு.

ஒன்று, அந்தப் படத்தைத் தரவிறக்க வேண்டாம், ஸ்க்ரீன்ஷொட் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், "ஆதாரத்துக்கு" என்றாலும். லிங்க், செய்தி எண், சனல் பெயர், திகதி, நேரம் ஆகியவற்றை எழுத்தில் மட்டும் குறியுங்கோ. மேலே கொட்டாஞ்சேனை_கணினி சொன்னது போலிக் கணக்குக்கும் மிரட்டல் உரையாடலுக்கும் அப்படியே பொருந்தும், இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

இரண்டு, ஸ்டொப்-என்சிஐஐ இந்தப் படத்துக்கு இல்லை. இதற்கு அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய நிலையம் 2023 பெப்ரவரியில் தொடங்கிய "டேக் இட் டவுன்" சேவை. 18 வயதுக்கு முன் எடுத்த படமென்றால் இப்போது வளர்ந்தவரும் பயன்படுத்தலாம். பெயரோ ஈமெயிலோ கேட்பதில்லை, இங்கும் ஹாஷ் மட்டும்தான் போனை விட்டு வெளியே போகும். முகம் ஒட்டிய மற்றப் படத்தில் ஒட்டிய முகம் எந்த வயதில் எடுத்ததென்று கேளுங்கோ. அதுவும் 18க்கு முந்தியதென்றால் இதே வழியில் போங்கோ.

மூன்று, எல்லாத் தளத்திலும் வகை "சிறுவர் பாலியல் சுரண்டல்". டெலிகிராமில் அதற்கென்று தனி ஈமெயில் முகவரியே உண்டு. "நிர்வாணம்" என்று போடுவதை விட இதற்குப் பதில் வேகம்.

பெயர் ஒற்றுமையில் குழம்ப வேண்டாம்: 2025 மே 19 அமெரிக்காவில் கையெழுத்தான சட்டத்துக்கும் "டேக் இட் டவுன்" என்றுதான் பெயர். அனுமதியற்ற அந்தரங்கப் படத்தை, முறையான அறிவித்தல் கிடைத்து 48 மணித்தியாலத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்பது அது. தளங்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

—

புதுக்கடை_சட்டம் எழுதியது:

பொலிஸ் பக்கம் நான் சொல்கிறேன். ரிப்போர்ட் முடியும்வரை பொலிசுக்குப் போகாமல் இருக்க வேண்டாம், இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும். காரணம் தரவு. பொலிஸ் முறைப்படி கேட்டால் மெட்டா ஒரு கணக்கின் பதிவேடுகளை 90 நாள் பாதுகாத்து வைக்கும், அதற்குள் சட்டபூர்வக் கோரிக்கை போக வேண்டும். அவன் கணக்கை அழித்துவிட்டுப் போன பிறகு கேட்டால் கிடைக்கிறது நிச்சயமில்லை. ஆகவே முறைப்பாட்டில் "கணக்கின் தரவைப் பாதுகாக்கும்படி தளத்துக்கு அறிவிக்கவும்" என்று ஒரு வரியைச் சேர்த்தே எழுதுங்கோ.

எங்கே? இலங்கையில் என்றால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவு, அல்லது சி.ஐ.டி.யின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு. 16 வயதுப் படம் என்பதால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கும் அழையுங்கோ. பெண்களுக்கான உதவிக்கு 1938. கணினிப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான சேர்ட்டின் 101 தொழில்நுட்ப ஆலோசனை தரும், தளங்களுக்கு எப்படி அறிவிப்பதென்று காட்டும். ஆனால் அது பொலிஸ் இல்லை, யாரையும் கைது செய்யாது. தளங்களில் ரிப்போர்ட் பண்ணப் பெண்களுக்கு வழிகாட்டும் ஹிதவதி என்ற சேவையும் இருக்கிறது, எல்.கே. டொமைன் பதிவகம் நடத்துவது.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொண்டு போங்கோ, ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் பதிந்தால், ஒப்பமிடுவதற்கு முதல் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கோ. "அவரே அனுப்பினார்" என்பதும் "அவருக்குத் தெரியாமல் வெளியிடப்பட்டது" என்பதும் ஒரு வினைச்சொல்லில் இடம் மாறிப்போகும், பிறகு வழக்கில் தலையிடி. பெண் அதிகாரியைக் கேட்கலாம். மிரட்டல் உரையாடலை அச்சடித்து, பென் ட்ரைவிலும் போட்டுக் கொடுங்கோ. அசல் போனை ரீசெட் பண்ணாமல், விற்காமல் வைத்திருங்கோ. கணினிச் சான்றுகளை ஏற்பது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், அங்கே மூலப் பொருள் பற்றிக் கேள்வி வரும். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

எந்தச் சட்டம் என்று நீங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை. சிறுவரின் ஆபாசப் படத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ, காசு கேட்டு மிரட்டுவதற்குக் கப்பம் பற்றிய பிரிவுகள், கணக்கை உடைத்துப் படம் எடுத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இந்த விஷயத்தில் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், மேலே சொன்னவை அதற்கு முதலே இருந்தவை.

—

வெள்ளவத்தை_வாசகர் எழுதியது:

போலிக் கணக்கு நீங்கிவிட்டது, வகைதான் பிழை. டெலிகிராம் பதில் இன்னும் இல்லை. 1929க்குச் சொல்லியாகிவிட்டது. கூகுளில் வரும் சின்னப் படம் மட்டும் மிச்சம்.

—

கொட்டாஞ்சேனை_கணினி எழுதியது:

அதில் இரண்டு வேறு வேலை. படம் அந்தத் தளத்தில் இன்னும் இருந்தால், கூகுளின் அந்தரங்கப் பட நீக்கல் படிவம். 18 வயதுக்கு முந்திய படமென்றால் அதற்குரிய சிறுவர் வகையைத் தெரிவு செய்யுங்கோ. பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி, எந்தச் சொல்லைத் தேடினால் வருகிறது என்ற மூன்றையும் கேட்பார்கள். பெயரைத் தமிழில் அடித்தால் ஒரு முடிவு, ஆங்கிலத்தில் அடித்தால் வேறு முடிவு, இரண்டையும் கொடுங்கோ. ஒரே படத்தின் நகல்களையும் வடிகட்டும்படி அதிலேயே கேட்கலாம். நீக்கினாலும் அது தேடலிலிருந்து மட்டும்தான், தளத்தில் கிடக்கும். தள நடத்துனருக்கும் அதன் சேவர் நிறுவனத்துக்கும் தனியாக எழுத வேண்டும். பிங்கிலும் இதே வேலையைத் திரும்பச் செய்யுங்கோ.

தளத்தில் நீங்கிவிட்டும் கூகுளில் உருவம் தெரிகிறதென்றால் அந்தப் படிவம் தேவையில்லை. பழைய உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் கருவி என்று ஒன்று உண்டு, அதில் முகவரியை ஒட்டிக் கேட்கலாம். எது பொருந்தும் என்று அறிய அந்தப் படத்தை அழுத்திப் பார்க்க வேண்டாம். பக்கத்தின் முகவரியை மட்டும், படங்கள் ஏறாதபடி பிரவுசரில் அணைத்துவிட்டுத் திறந்து, பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கோ.