எதிரணியைப் பார்த்து டிக்கெட் விலை: ஏ, பி, சி பிரிவில் உங்கள் அனுபவம் என்ன?

வடலண்டன்காரன்:

எங்கள் பகுதிக் கால்பந்துக் கிளப்பின் உறுப்பினர் அட்டை பல வருடமாக என்னிடம் இருக்கிறது. சீசன் டிக்கெட்டுக்கு வசதியும் இல்லை, காத்திருப்போர் வரிசையும் முடிவதாகத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம். போன சீசனில் பையனைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்தில், மூலைக் கொடிக்கு நேர் மேலே உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்தோம். கூரை அந்த வரிசைக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். சாரல் அடித்தால் முழங்கால் நனையும். எதிர்ப்பக்கக் கோலில் நடப்பதைப் பாதி ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் பையனுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து லிவர்பூல் வருகிறது, அதே இடத்தில் உட்காரலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். விற்பனை திறந்த அன்று பார்த்தால், 30 பவுண்டுச் சொச்சத்துக்கு வாங்கிய அதே இருக்கைக்கு 60க்கு மேல் போட்டிருந்தார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இங்கிலாந்தில் பல கிளப்புகள் சொந்த மைதான ஆட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கின்றன. பெரிய பெயருள்ள அணியும் பக்கத்து ஊர்ப் பகையாளியும் வந்தால் ஏ. நடுத்தர அணி என்றால் பி. கீழ் லீக்கிலிருந்து புதிதாக மேலே ஏறி வந்த அணிக்குப் பெரும்பாலும் சி. ஜூன் மாதம் போட்டி அட்டவணை வந்ததுமே இது கிட்டத்தட்ட முடிவாகிவிடும். அதற்குப் பிறகு தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைத் திங்கட்கிழமை இரவு 8 மணிக்குத் தள்ளினாலும் ஏ என்பது ஏதான். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கும் அதே விலைதான்.

டிக்கெட் பிரிவுக்குப் போன் செய்து கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். "எந்த ஆட்டத்துக்குக் கூட்டம் வரும் என்று பார்த்துப் பிரிக்கிறோம்" என்றார். அது புரிகிறது. ஆனால் லிவர்பூல் அணியை நடத்துவது எங்கள் கிளப் இல்லையே. அவர்கள் உழைத்துச் சேர்த்த பெயருக்கு இவர்கள் ஏன் என்னிடம் பணம் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் மாமா:

தம்பி, உங்கட ஆதங்கம் விளங்குது. ஆனால் என்ர கதை மற்றப் பக்கம்.

நாங்கள் வந்த காலத்தில் கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில்தான் வீடு. வெஸ்ட் ஹாம் கிளப்பின் பழைய மைதானம் அங்கேதான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் தெரு முழுக்கச் சிவப்பும் நீலமுமாகச் சனம் போகும். குசினியில் நின்றாலே கோல் விழுந்த சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளை உதைபந்தாட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க ஏலுமா? நான் அப்போது பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மான்செஸ்டர் யுனைற்றட், ஆர்சனல் வந்தால் நான் விலையைக்கூடப் பார்ப்பதில்லை. கீழ்ப் பிரிவு ஆட்டம் எது என்று அட்டவணையில் தேடி, சுற்றிக் கோடு போட்டு வைப்பேன். சில ஆட்டங்களுக்குப் பிள்ளைகளுக்கு 1 பவுண் என்றுகூட அறிவிப்பார்கள். அப்படி ஓர் ஆட்டம் வந்தால் எங்கள் தெருவில் இருந்த தமிழ்ப் பெடியன்கள் எல்லாரும் வருவார்கள். மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், ஆட்ட இடைவேளையில் வீட்டில் செய்த ரோல்ஸைப் பிரித்துக் கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

சி பிரிவு இல்லாவிட்டால் என் பிள்ளைகள் அந்த மைதானத்துக்கு உள்ளே போயிருக்க மாட்டார்கள். 2016இல் கிளப் ஸ்ராற்போர்ட்டுக்குப் போய்விட்டது, எங்கட தெருவும் மாறிவிட்டது, ஆனால் பெடியன்கள் இன்றைக்கும் அந்த அணியைத்தான் பின்தொடருகிறார்கள். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே விலை என்று நீங்கள் கேட்டால், மேலே உள்ள விலையைக் கீழே இறக்குவார்கள் என்று நினைக்க வேண்டாம். கீழே உள்ளதைத்தான் மேலே ஏற்றுவார்கள். அதைத்தான் நான் யோசிக்கிறேன்.

மான்செஸ்டர் நீலம்:

மாமா சொல்வது உள்ளூர் ரசிகருக்குப் பொருந்தும். அவருக்கு சி பிரிவு ஒரு வாசல். அணியோடு ஊர் ஊராகப் போகிறவனுக்கு அந்த வாசலே கிடையாது.

நான் மான்செஸ்டர் சிட்டி ரசிகன். அணி நன்றாக ஆட ஆரம்பித்த காலத்தில்தான் இதன் வலி எங்களுக்குத் தெரிந்தது. எந்த ஊருக்குப் போனாலும் நாங்கள்தான் ஏ பிரிவு. அங்கே உள்ள உள்ளூர்க்காரர் வருடத்தில் சில ஆட்டங்களுக்கு மட்டும் ஏ விலை கொடுப்பார், வேண்டாம் என்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அடுத்த வாரம் சி ஆட்டத்துக்கு வருவார். நாங்கள் போகிற இடமெல்லாம் ஏ விலைதான், ஏனென்றால் எங்கள் அணிதான் அங்கே விருந்தாளி. வெளியூர் ரசிகரிடம் சொந்த ரசிகரைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று பிரீமியர் லீக்கில் விதி உண்டு, உண்மைதான். ஆனால் ஒப்பான இருக்கைக்கு அன்றைய விலை எதுவோ அதை வாங்கலாம். அன்றைய விலையே எங்களை வைத்துத்தானே ஏறியிருக்கிறது!

2013 ஜனவரி 13, ஆர்சனல் மைதானம். வெளியூர் ரசிகருக்கு டிக்கெட் 62 பவுண்டு. ரயில் செலவு தனி. சிட்டிக்கு ஒதுக்கிய சுமார் 3,000 டிக்கெட்டில் 912 திரும்பிப் போனது. என் நண்பர்கள் இருவரும் வாங்கவில்லை. ஒருவர் அதற்கு முன் வெளியூர் ஆட்டம் எதையும் தவறவிடாதவர். நான் எப்படியோ சமாளித்துப் போனேன். எனக்குப் பக்கத்தில் வரிசையாகக் காலி இருக்கைகள். அன்று 2-0 என்று ஜெயித்தோம். ஆர்சனலின் சொந்த மைதானத்தில் லீக் ஆட்டத்தில் சிட்டி ஜெயித்தது 1975க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அப்படி ஒரு நாளை அந்த நண்பர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேனர் விரித்தார்கள்: 62 பவுண்டு, இது எங்கே போய் நிற்கும் என்று. காவலர்கள் வந்து அதை இறக்கச் சொன்னார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு லைன்ஸ்மேன் எங்கள் வீரர்களிடம், அங்கே நிற்கிறவர்கள் 62 பவுண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள், போய் அவர்களைப் பாருங்கள் என்று சொன்னது தொலைக்காட்சியில் பதிவானது. அதே மாதம்தான் ரசிகர்கள் கூட்டமைப்பு வெளியூர் டிக்கெட்டுக்கு 20 பவுண்டு போதும் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மூன்று வருடம் விடாமல் நெருக்கினார்கள். 2016 மார்ச்சில் கிளப்புகள் இறங்கி வந்தன. 2016-17 சீசனிலிருந்து பிரீமியர் லீக்கில் வெளியூர் டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. இன்றைக்கும் அதுதான் உச்சவரம்பு. 20 கேட்டு 30 கிடைத்தது என்றாலும் எனக்கு அது பெரிய விஷயம். இப்போது அந்த நண்பர் மறுபடியும் வருகிறார்.

லீட்ஸ் தம்பி:

அண்ணா, அந்த 30 பவுண்டு பிரீமியர் லீக்கோடு சரி. அதற்குக் கீழே உள்ள இரண்டாம் அடுக்கு லீக்கில் கிடையாது. லீட்ஸ் அங்கே கிடந்த வருடங்களில் நான் மாணவன். எங்கே போனாலும் பெரிய கூட்டம் கூடவே வரும் என்பதால் பல ஊர்களில் எங்களுக்கு உச்சப் பிரிவுதான். அதற்கு முந்தின வாரம் இன்னோர் அணியின் ரசிகர்கள் அதே ஸ்டாண்டில் 10 பவுண்டு குறைவாகக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அணி பட்டியலில் பாதிக்குக் கீழே கிடந்தபோதும் விலை மட்டும் இறங்கியதே இல்லை. ரசிகர்கள் விசுவாசமாகக் கூட வருவதற்கே ஒரு வரி போட்டது மாதிரி இருந்தது.

டோர்ட்முண்ட் அயலவர்:

ஜெர்மனியிலும் இது இருக்கிறது. இங்கே பிரிவு என்று சொல்வதைவிட, முக்கிய ஆட்டத்துக்கு அடிப்படை விலைக்கு மேல் ஒரு கூடுதல் கட்டணம் வைப்பார்கள். பெரிய அணியான பயர்ன் வந்தால், அயல் அணியான ஷால்க வந்தால் கட்டணம் ஏறும். ஆனால் இங்கே நின்று பார்க்கிற இடங்கள் இருப்பதால் அடிமட்ட விலை இங்கிலாந்தை விடக் குறைவு. ரிக்கெற்றைக் காட்டினால் அந்தப் பகுதியில் ரயிலுக்கும் தனிக்காசு இல்லை. ஹம் நகர அம்மன் கோயில் தேருக்குப் போகிற அதே பாதையில்தான் எங்கட மஞ்சள் சட்டைக் கூட்டமும் ரயில் ஏறும்.

2010இல் ஷால்க மைதானத்தில் நடந்த அயல்போட்டிக்கு எங்கட பக்க விலை 20 யூரோவைத் தாண்டியது. 'கைன் ஸ்வானி' என்று ஓர் இயக்கம் கிளம்பியது. நின்று பார்க்கிற இடத்துக்கு 20 யூரோ தரமாட்டோம், இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. செப்டம்பர் 19 அன்று பலர் போகவே இல்லை. டோர்ட்முண்ட் ரசிகர் ஒருவர் ஷால்கவுக்கு எதிரான ஆட்டத்தைத் தானாக விடுவது என்றால், அது எப்படிப்பட்ட முடிவு என்று இங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அன்று 3-1 என்று வென்றோம். நான் ஒரு மண்டபத்தில் சிநேகிதர்களோடு திரையில் பார்த்தேன். கோல் விழுந்தபோது கட்டிப்பிடித்தோம், ஆனால் அந்த இடத்தில் நின்று கத்த முடியவில்லையே என்பது எல்லாருக்கும் உறுத்தியது.

பிறகு 2016 பெப்ரவரியில் ஸ்ருட்கார்ட்டில் ஜெர்மன் கிண்ணப் போட்டிக் காலிறுதி. விலை அதிகம் என்று எங்கட ஆட்கள் மைதானத்துக்குள் ரெனிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பச்சைப் புல்லில் மஞ்சள் பந்துகளை வீரர்களே பொறுக்கி வெளியே போட்டார்கள்.

மெர்சிசைட் அக்கா:

அதே வாரம்தான் எங்கள் ஊரிலும் நடந்தது! 2016 பிப்ரவரி 6, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சண்டர்லேண்டுடன் ஆட்டம். புதிய பிரதான ஸ்டாண்டில் அடுத்த சீசனுக்கு உச்ச விலை 77 பவுண்டு என்று அறிவித்திருந்தார்கள். 77ஆவது நிமிடம் எழுந்து வெளியே போவோம் என்று பேச்சு பரவியது. நான் கோப் ஸ்டாண்டில் இருந்தேன். உண்மையைச் சொன்னால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன், ஏனென்றால் 2-0 என்று முன்னால் இருந்தோம். கடிகாரம் 77 காட்டியதும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக. மொத்தம் சுமார் 10,000 பேர் என்று மறுநாள் எழுதினார்கள். நாங்கள் வெளியே தெருவில் நின்றபோது சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கிவிட்டது.

சில நாளிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு 77 பவுண்டுத் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். உச்ச விலை 59இலேயே நின்றது. பத்திரிகைகள் 77ஐப் பற்றியே எழுதியதால் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாமல் போனது: அதே அறிவிப்பில் ஆட்டங்களைப் பிரிவாகப் பிரிப்பதையும் எடுத்துவிட்டார்கள். எந்த அணி வந்தாலும் அந்த இருக்கைக்கு ஒரே விலை. ஆகவே ஈஸ்ட்ஹாம் மாமா, ஒரே விலை என்றால் கீழ் விலை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் 9 பவுண்டு டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கவும் ஒத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் ஒன்றாக நின்றால் ஒரே விலை, குறைந்த விலை இரண்டையுமே பெறலாம்.

மான்செஸ்டர் நீலம்:

ஆனால் காற்று இப்போது எதிர்ப்பக்கம் அடிக்கிறது அக்கா. எங்கள் ஊரின் மற்ற அணியான யுனைடெட், 2025-26 சீசனிலிருந்து உறுப்பினர் டிக்கெட்டை மூன்று பிரிவாக்கி, 37இலிருந்து 97 பவுண்டு வரை என்று வைத்துவிட்டது. அங்கே என் மைத்துனர் ரசிகர். அணிக்காக நாங்கள் சண்டை போட்டுக்கொள்வோம், இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

வடலண்டன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. லிவர்பூல் ஆட்டத்துக்குக் கடைசியில் போகவில்லை. பையனை லீக் கோப்பையின் ஆரம்பச் சுற்று ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அந்த ஆட்டங்களுக்கு விலையை நன்றாகக் குறைக்கிறார்கள், இளம் வீரர்களையும் பார்க்கலாம். அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வரும் வழியில் லிவர்பூல் எப்போது வரும் என்று மறுபடி கேட்டான்.

இப்போது பிரீமியர் லீக் கிளப் ஒவ்வொன்றிலும் ரசிகர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி அனுப்பப் போகிறேன். திங்கள் இரவுக்குத் தள்ளிய ஆட்டத்தை ஒரு பிரிவு கீழே இறக்குங்கள் என்பது முதல் கோரிக்கை. வேறு என்ன சேர்க்கலாம்?

ஈஸ்ட்ஹாம் மாமா:

மெர்சிசைட் பிள்ளை சொன்ன 9 பவுண் விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல செய்தி.

தம்பி, ஒன்று சேர்த்து எழுதுங்கள். ஏ என்றாலும் சி என்றாலும் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரே கட்டணம் வைக்கச் சொல்லுங்கள். தகப்பன் தன் ரிக்கெற்றுக்கு எப்படியாவது காசு பார்த்துக்கொள்வான். கடிதத்தை அனுப்பமுதல் இங்கே போடுங்கள், என்ர மூத்தவனும் தன் கிளப்புக்கு அதையே அனுப்பட்டும்.