வாரத்தில் ஒரு நாள் வரும் சிறப்பாசிரியர் போதுமா?

வைகைக்கரை:
மகளுக்கு 9 வயது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு. காது சரியாகக் கேட்காது, இரண்டு காதிலும் கருவி. 5 வயதுக்கு அப்புறம்தான் கண்டுபிடித்தோம், அது எங்கள் தப்பு. கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு சிறப்பாசிரியர் புதன்கிழமை வந்து ஒரு மணி நேரம் இருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற நாலு நாளும் பிள்ளை சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள் என்று தோன்றுகிறது. 70 கிலோமீட்டர் தள்ளி விடுதியோடு காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. சேர்க்கலாம் என்கிறேன், மனைவி முடியவே முடியாது என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கைப்பேச்சு:
அனுப்புங்கள் அண்ணா. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எட்டாவது வரை சாதாரணப் பள்ளி. எட்டு வருஷமும் முதல் பெஞ்சு. போர்டில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவேன், கையெழுத்துக்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். எழுதியதில் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. வாத்தியார் ஏதாவது சொல்வார், வகுப்பே சிரிக்கும். பக்கத்துப் பையன் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பிந்தி நானும் சிரிப்பேன். எங்களுக்கும் ஒரு மேடம் வந்தார், மாதம் ஒரு தடவை. "படிக்கிறானா?" என்பார். "படிக்கிறான்" என்பார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒன்பதாவதுக்கு விடுதிப் பள்ளி. மூன்று மாதத்தில் சைகை பிடிபட்டது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் சிரித்தபோதே நானும் சிரித்தேன். 14 வயதில் அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டி டீச்சர்:
நான் அதே வேலையில் இருக்கிறவள். தம்பி சொன்ன மேடத்துக்காக வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் எங்கள் வேலை பிள்ளைக்கு ஒரு மணி நேரம் டியூஷன் எடுப்பது இல்லை. நாங்கள் வராத நாலு நாளும் அந்த வகுப்பு அவளுக்குக் காதில் விழுகிற மாதிரி நடக்க வேண்டும், அதற்கு வழி செய்வதுதான் வேலை.

போன மாதம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன். "கருவி போட்டும் ஒன்றும் கேட்கவில்லை மேடம்" என்றார்கள். கையில் புளியங்கொட்டையைக் கொடுத்து, பின்னால் நின்றுகொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலியையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்கும்போதெல்லாம் ஒரு கொட்டையை டம்ளரில் போட வேண்டும். ஒன்றுகூட விழவில்லை. கருவியைத் திறந்தால் வலது பக்கம் பேட்டரி தீர்ந்திருக்கிறது, இடது பக்கம் காதுக்குள் பொருந்தும் அச்சில் அழுக்கு அடைத்துக் கிடக்கிறது. அச்சை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பேட்டரியை மாற்றி, மறுபடி சொன்னேன். ஐந்து கொட்டை விழுந்தது. 'ஸ்' மட்டும் கேட்கவில்லை. அந்தப் பேட்டரி ஒன்றிரண்டு வாரத்துக்குமேல் ஓடாது. பையன் எத்தனை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தானோ.

இன்னொன்று. கண்ணாடி முன்னால் நின்று 'பாடம்', 'மாடம்' இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உதட்டோடு சத்தமும் வேண்டும். சத்தம் வர கிட்டே நிற்க வேண்டும், தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறைந்துபோகும்.

நாலாப்பு வாத்தியார்:
டீச்சர் சொல்வதில் தப்பு இல்லை, ஆனால் நடக்கிற காரியமா? எனக்கு இரண்டு வகுப்பு சேர்த்து 34 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாட்டும் கைதட்டலுமாக ஓடும். மேலே மின்விசிறி கடகட என்கிறது. போர்டு பக்கம் திரும்பாமல் எப்படி எழுதுவது? சொல்வதெழுதுதல் வைக்கிறேன். ல, ள, ழ கேட்கிற பிள்ளைகளுக்கே தகராறு, என் வகுப்பில் இருக்கும் காது கேட்காத பெண்ணுக்கு என்ன மதிப்பெண் போட? சிறப்பாசிரியர் வந்து பத்து யோசனை சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் அவரை மருத்துவ முகாமுக்கு அனுப்பியிருப்பார்கள், அல்லது கணினியில் விவரம் ஏற்ற உட்கார வைத்திருப்பார்கள். நான் சேர்த்துப் படிக்கவைப்பதற்கு எதிரி இல்லை. ஆள் தராமல் சேர்க்கச் சொல்வதற்கு எதிரி.

சட்டப்புள்ளி:
ஆள் தரச்சொல்லித்தானே 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது? அதன்பிறகு தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர் தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு விகிதமும் வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17-இல் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிப்பதும் இருக்கிறது.

நாலாப்பு வாத்தியார்:
சட்டம் ஜோராக இருக்கிறது சார். எங்கள் ஊர் பஸ் ஏறத்தான் இன்னும் அதற்கு வழி தெரியவில்லை.

கைப்பேச்சு:
டீச்சர், ஒரு கேள்வி. பேட்டரி, அச்சு, டெசிபல் எல்லாம் சொன்னீர்கள். உங்களுக்குச் சைகை மொழி தெரியுமா?

1880-இல் இத்தாலியின் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டில் காது கேட்கிறவர்கள் கூடி, வகுப்பில் கை அசைக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அந்த மாநாட்டு வரிசையிலேயே அதற்கு வருத்தம் தெரிவித்தது 2010-இல், வான்கூவரில். நடுவே 130 வருஷம். இங்கே இன்னும் "சைகை பழகினால் பேச்சு வராது" என்று பெற்றவர்களைப் பயமுறுத்துகிறார்கள். இந்தியச் சைகை மொழி அகராதியில் 10,000 சொற்களுக்கு வீடியோ இருக்கிறது, காசு கிடையாது. தமிழ் பேசுகிறவர்களுக்கு வாக்கிய வரிசைகூடப் புதிது இல்லை. 'உன் பெயர் என்ன' என்பதை அதே வரிசையில் கையால் சொன்னால் போதும்.

ஸ்கூட்டி டீச்சர்:
குறை ஒத்துக்கொள்கிறேன். பயிற்சியில் கொஞ்சம் படித்தோம். எனக்கு ஒரு முந்நூறு சொல் வரும், வகுப்பு எடுக்கிற அளவுக்கு வராது. ஆனால் விடுதி விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். லீவுக்கு வரும் பிள்ளை அம்மாவிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் ஒரு தோழிகூட இல்லை.

கைப்பேச்சு:
அப்படியானால் அம்மா சைகை கற்றுக்கொள்ளட்டும்! ஏன் எப்போதும் பிள்ளைதான் வளைந்துகொடுக்க வேண்டும்?

ஸ்கூட்டி டீச்சர்:
கற்றுக்கொள்ளட்டும், நானும்தான். வைகைக்கரை சார், பாப்பாவின் கேட்டல் பரிசோதனைத் தாள் இருக்கிறதா? எத்தனை டெசிபல் போட்டிருக்கிறார்கள்?

வைகைக்கரை:
வலது 65, இடது 70. ஆறு மாதம் முன்னால் எடுத்தது.

கைப்பேச்சு:
65-ஆ? எண் கூடக் கூடக் கேட்பது குறைவு, எனக்கு 100-க்கு மேல். சரி, அவளுக்குக் கருவி உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் உதவுகிறது என்பதற்காகவே "இவளுக்குத்தான் கேட்கிறதே" என்று விட்டுவிடுவார்கள். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைகளை யாரும் கவனிப்பதே இல்லை.

ஸ்கூட்டி டீச்சர்:
அதில் உங்கள் கட்சிதான் நான், தம்பி.

வைகைக்கரை:
டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டுப் போய்க் கருவியைத் திறந்து பார்த்தேன். இடது கருவி செத்துக் கிடக்கிறது. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி அட்டை அலமாரியில் பிரிக்காமலே இருக்கிறது, சிறப்பாசிரியர் எப்போதோ கொடுத்தது. வீட்டில் கூப்பிட்டால் திரும்புகிறாள், அதனால் கேட்கிறது என்றே இருந்துவிட்டோம். ஸ்டிக்கரைப் பிரித்ததும் உடனே போடலாமா?

ஸ்கூட்டி டீச்சர்:
பிரித்து ஒரு நிமிஷம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். ஒரு தடவை பிரித்தால் திரும்ப ஒட்டிவைத்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும், அதனால் தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள். புதனன்று அவரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

கைப்பேச்சு:
போட்டாச்சா? நாளை மதிய இடைவேளைக்குப் பள்ளிக்கூடம் போங்கள். அவளுக்குத் தெரியாமல் வேலிப் பக்கம் நின்று, யாரோடு விளையாடுகிறாள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். விடுதிப் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.