கால் உள்பக்கம் சாயுதுன்னு சொல்லி ஷூ மாத்தினவங்க, உங்க கதையைச் சொல்லுங்க

மெதுவோட்டி

ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் படம் கண்ணுக்குள்ளயே நிக்குது. ட்ரெட்மில்ல அரை நிமிஷம் ஓடச் சொல்லி பின்னாலிருந்து வீடியோ எடுத்தாங்க. கடைத் தம்பி அதை ஒரு இடத்துல நிறுத்தி, குதிகாலோட நடுவுல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் சிவப்புல கோடு இழுத்தார். கோடு நேரா இல்ல. கணுக்கால்ல மடங்கி உள்பக்கமா சரிஞ்சு கிடந்துச்சு, ஒடிச்ச முருங்கைக் கிளை மாதிரி. "சார், உங்களுக்கு ஓவர்ப்ரோனேஷன். நல்லாவே இருக்கு"ன்னார்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒரு வலியும் கிடையாது. நாலு வருஷமா சாதா நியூட்ரல் ஷூலதான், அதாவது கால் சாயறதைத் தடுக்க எதுவும் வைக்காத ஷூலதான் ஓடினேன். அது தேஞ்சுபோச்சு, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கத்தான் போனேன். திரும்பி வரும்போது கையில இருந்தது கால் உள்ள சாயாம இறுக்கிப் பிடிக்க, உள்பக்கம் கல்லு மாதிரி சாம்பல் நிற ஃபோம் வச்ச மோஷன் கண்ட்ரோல் ஷூ. கடையிலேயே கனமானது அதுதான். அந்தக் கோட்டைப் பார்த்தப்புறம் வேற எதையும் தொட மனசு வரல.

மூணாவது வாரம் வலது முழங்காலோட வெளிப்பக்கம் பிடிக்க ஆரம்பிச்சுது. சரிவுல இறங்கினா குத்தி எடுக்கும். அந்தக் கெட்டி ஃபோம் முட்டுற இடத்துல, பாதத்து வளைவுல கொப்புளம் வேற. நானும் "கால் திருந்துது, அதான் வலிக்குது"ன்னு நினைச்சு ரெண்டு மாசம் ஓடினேன். ஒருநாள் அந்தப் புது ஷூ மழையில நனைஞ்சுடுச்சு, வேற வழியில்லாம பழைய தேஞ்ச ஷூவையே மாட்டிக்கிட்டு ஆறு கிலோமீட்டர் போனேன். முழங்கால் மூச்சே விடல. வந்து வாசப்படியில உக்காந்து ரெண்டு ஜோடியையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருந்தேன். இன்னும் எரிச்சல் அடங்கல.

ஈரச்சுவடு

எனக்கு வீடியோவெல்லாம் இல்ல, ஈரக்கால் சோதனைதான். நனைச்ச காலோட செய்தித்தாள்ல மிதிச்சேன், பாதம் முழுசா அச்சு விழுந்துச்சு. நடுவுல வெட்டே இல்ல. சரி, தட்டைக்கால், நமக்கு சப்போர்ட் ஷூதான்னு வருஷக்கணக்கா அதுலயே ஓடிட்டேன்.

அப்புறம் குதிகால் வலிக்காக ஒரு பிசியோகிட்ட போனப்போ அவங்க ஷூவைத் தொடக்கூட இல்ல. "சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நுனிக்கால்ல எழும்புங்க"ன்னாங்க. எழும்பினேன். பின்னாலிருந்து போட்டோ எடுத்துக் காட்டினாங்க. என் காலுக்கு வளைவு இருக்கு! நிக்கும்போது படுத்துக்குது, எழும்பினா வந்துடுது. நாப்பது வயசுல என் பாதத்து வளைவை முதல் தடவையா பார்த்தேன், சிரிக்காதீங்க. எழும்பினாலும் வளைவு வராத விறைப்பான தட்டைக்கால் வேற விஷயமாம், அதை டாக்டர்கிட்ட காட்டணுமாம். காகிதத்துல ரெண்டும் ஒரே அச்சாத்தான் விழும். நின்னுக்கிட்டு வச்ச அச்சு, ஓடும்போது கால் என்ன பண்ணும்னு எப்படிச் சொல்லும்? எனக்கு அது அப்போ தோணவே இல்ல.

கயிறுகட்டி

மெதுவோட்டி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, தப்பு உங்க பேர்லதான். லேசாத் தாங்குற ஸ்டெபிலிட்டி ஷூ வேற, இறுக்கிப் பிடிக்கிற மோஷன் கண்ட்ரோல் வேற. தலைவலிக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கதையா இருக்கு உங்களது.

என் கதை நாலு வரி. முழங்காலுக்குக் கீழ உள்பக்க எலும்போரம் வலி, ஷின் ஸ்பிளிண்ட். விரலால அழுத்தினா உயிர் போகும். நிதானமான ஒரு ஸ்டெபிலிட்டி ஷூ மாத்தினேன், தூரத்தையும் பாதியாக் குறைச்சேன், ஆறு வாரத்துல போயிடுச்சு. அவ்வளவுதான்.

இனி வாங்கப் போறவங்களுக்கு. சாயங்காலமாப் போங்க, பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடுறப்போ போடுற சாக்ஸையே போட்டுக்கிட்டுப் போங்க. பழைய ஷூவைக் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. முதல்ல இன்சோலை வெளிய உருவி அது மேல ஏறி நில்லுங்க. பாதம் ஓரத்துல வழிஞ்சா அந்த ஷூ அகலம் பத்தாது, உள்ள போட்டா மட்டும் பத்திடுமா? நீளமான விரலுக்கு முன்னால கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேணும். நீளமான விரல்னா கட்டைவிரல்தான்னு இல்ல, பல பேருக்கு ரெண்டாவது விரல் நீளம். குதிகால் கிண்ணத்தை பின்னாலிருந்து அமுக்கிப் பாருங்க, பொசுக்குனு உள்ள போகக்கூடாது. ஷூவோட ரெண்டு முனையையும் பிடிச்சு துணி பிழியற மாதிரி முறுக்குங்க. லேசா முறுகலாம், கந்தல் மாதிரி சுத்திக்கக் கூடாது. அப்புறம் ஓடிப் பாருங்க, நடந்து இல்ல. வளைவுல ஏதோ முட்டுற மாதிரி இருந்தா, "போகப் போகச் சரியாயிடும்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, சரியாகாது. அண்ணனோட கொப்புளம் அப்படி வந்ததுதான்.

இன்னொண்ணு, சப்போர்ட்னாலே கெட்டி ஃபோம்னு நினைச்சிட்டு இருக்கீங்க. அது பழைய வழி. 2023ல வந்த அசிக்ஸ் கயானோ 30ல மீடியல் போஸ்ட்னு சொல்ற அந்த உள்பக்கக் கெட்டி ஃபோமே கிடையாது, அடியை அகலமாக்கி, வளைவுக்குக் கீழ மெத்துனு ஒரு ஃபோம் வச்சிருக்காங்க. ப்ரூக்ஸ் அட்ரினலின்ல குதிகாலோட ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி வச்சிருக்காங்க, கால் எல்லை தாண்டினாத்தான் அது தட்டும். அப்புறம் கயிறு. மேல கடைசியா ஒரு ஓட்டை சும்மாவே இருக்கும் பாருங்க, அதுல ரெண்டு பக்கமும் வளையம் போட்டு, எதிர்க்கயிறை அதுக்குள்ள விட்டு இழுத்துக் கட்டினா குதிகால் அசையாது. சில பேருக்குப் பிரச்சனை கால் சாயறதே இல்ல, ஷூவுக்குள்ள வழுக்குறதுதான்.

நடைமட்டும்

நான் ஓடுறதே இல்ல, வேகநடைதான். எனக்கு இடது கால் மட்டும் சாயும். ஷூவை ஜோடியாத்தானே விக்கறாங்க! அதனால அளவெடுத்து இடதுக்கு ஒரு இன்சோல் செஞ்சு வாங்கி ஷூவுக்குள்ள வச்சேன். மூணாம் நாள் மாடிப்படி ஏறும்போது கால் மட்டும் மேல் படிக்குப் போச்சு, ஷூ கீழ் படியிலேயே நின்னுடுச்சு. பின்னால வந்தவர் அதை எடுத்துக் கையில கொடுத்தார். ஷூவோட வந்த இன்சோலை எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைக்கணும்னு எனக்குத் தெரியல, அது மேலயே வச்சிருந்தேன். குதிகால் கிண்ணத்துக்கு மேல உக்காந்திருந்துச்சு.

தேய்மானம்

கயிறுகட்டி, பழைய ஷூவை எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க, எங்க பார்க்கணும்னு சொல்லல. நான் மாட்டினதே அதுலதான். என் ஷூவோட அடியில குதிகால் வெளி ஓரம் நல்லா தேஞ்சிருந்துச்சு. வெளிய தேஞ்சிருக்குன்னா கால் வெளிய சாயுதுன்னுதானே அர்த்தம்? அப்படி நானே முடிவு பண்ணி, பஞ்சு மாதிரி மெத்துனு ஒரு நியூட்ரல் வாங்கினேன். கணுக்கால் எலும்புக்குக் கீழ, உள்பக்கமா தசைநாண் வீங்கி, ஒத்தக்கால்ல எழும்பவே முடியாம ஆயிடுச்சு.

குதிகால் ஊன்றி ஓடுறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வெளி ஓரத்துலதான் முதல்ல தரை படும், அதுக்கப்புறம்தான் கால் உள்ள உருளும். அங்க தேயறது சகஜம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அடியைப் பார்த்தது போதாது. ஷூவை ஒரு மேஜை மேல வச்சுட்டு, பின்னால குனிஞ்சு கண்ணளவுல பார்க்கணும். நான் பார்த்தப்போ என் ரெண்டு ஷூவும் தலையை உள்பக்கம் சாய்ச்சு ஒண்ணோட ஒண்ணு ரகசியம் பேசுற மாதிரி நின்னுச்சு. ஃபோம் உள்பக்கம் அப்படி அமுங்கியிருந்துச்சு. இத்தனை மாசமா என் காலும் அதுக்குள்ள அப்படித்தானே நின்னிருக்கும்னு நினைச்சப்போ வயித்தைக் கலக்கிடுச்சு.

கேள்விக்காரி

"தப்பு உங்க பேர்லதான்"னு சொன்னது அநியாயம். வலியே இல்லாத மனுஷனை நிறுத்தி, கோடு போட்டு, நோயாளி ஆக்கினது யாரு? பாதம் உள்ள உருளறது நோய் இல்ல, தரையில படுற அதிர்ச்சியைத் தாங்க உடம்பு வச்சிருக்கிற வழி. எல்லாருக்கும் உருளும்.

2014ல டென்மார்க்ல, புதுசா ஓட ஆரம்பிச்ச 927 பேருக்கு ஒரே மாதிரி நியூட்ரல் ஷூ கொடுத்து ஒரு வருஷம் கவனிச்சாங்க. கால் உள்ள சாயறவங்களுக்குக் காயம் அதிகம்னு தெரியவே இல்ல. அமெரிக்க ராணுவத்துல பாத வடிவத்தைப் பார்த்து ஷூ பிரிச்சுக் கொடுத்தும் காயம் குறையல. இது மட்டும் சொன்னா நான் ஒருபக்கமாப் பேசுறேன்னு வருவீங்க, அதனால இன்னொண்ணும் சொல்றேன். 2016ல வந்த ஆய்வுல 372 பேருக்கு எந்த ஷூன்னு தெரியாம மோஷன் கண்ட்ரோலும் சாதாவும் கொடுத்து ஆறு மாசம் பார்த்தாங்க. உள்ள சாயற பாதக்காரங்களுக்கு மோஷன் கண்ட்ரோல்ல காயம் குறைஞ்சது. அதனால கயிறுகட்டிக்கு வலி போனதும் நிஜம், மெதுவோட்டிக்கு வலி வந்ததும் நிஜம்.

நான் என்ன பண்ணேன்னா, தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தேன். அவ மூணு ஷூ மாட்டிவிட்டா, பேர் சொல்லல. கண்ணை மூடிக்கிட்டே நாலடி ஓடினேன், கடையில இருந்தவங்க என்ன நினைச்சாங்களோ. ரெண்டாவது ஷூ காலுக்குள்ள இருக்கிற நினைப்பே இல்ல. அதையே வாங்கினேன். லேசான சப்போர்ட் ஷூவாம். கண்ணைத் திறந்து பார்த்திருந்தா அந்த நிறத்துக்கே கீழ வச்சிருப்பேன்.

கயிறுகட்டி

அக்கா, நான் அண்ணனைக் குத்தம் சொல்லல, ஷூ வகையைத்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டு நாலடி ஓடினா எல்லா மெத்தை ஷூவும் சொர்க்கம்தான். பத்தாவது கிலோமீட்டர்ல கேக்கணும் அதை. சரி, விடுங்க. தூரத்தைக் குறைச்சதாலதான் என் வலி போச்சோன்னு எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு, ஒத்துக்கறேன்.

மெதுவோட்டி

யாரும் சண்டை போடாதீங்க. இதைப் படிச்சுட்டு நேத்து அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன், தம்பி அன்னிக்கே என் போனுக்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பார்த்தேன். கால் தரையில படும்போது கோடு கிட்டத்தட்ட நேரா இருக்கு. விட்டு எழும்பும்போதும் நேரா இருக்கு. முழு எடையும் இறங்குற அந்த ஒரு நொடிதான் சாயுது, அவர் நிறுத்தினதும் சரியா அங்கதான். கூட ஓடுற நண்பரையும் அதே மாதிரி எடுத்துப் பார்த்தேன். பத்து வருஷமா காயமே இல்லாதவர். அவருக்கும் அந்த ஃப்ரேம்ல கிளை ஒடியுது, எனக்கு ஒடியறதுல முக்கால்வாசி இருக்கும்.

இத்தோட விட்டிருக்கலாம். தேய்மானம் சொன்னாரேன்னு பழைய நியூட்ரல் ஜோடியைக் கழுவி மேஜை மேல வச்சு, பின்னால குனிஞ்சு பார்த்தேன். வலது நேரா நிக்குது. இடது மட்டும் உள்ள சாயுது. ஆனா எனக்கு வலிச்சது வலது காலு. இதுக்கு என்னங்க அர்த்தம்?