கலைச்சொல்: எக்ஸ்ட்ராக்‌ஷனுக்குப் ‘பிரித்தெடுத்தல்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

எக்ஸ்ட்ராக்‌ஷனுக்குப் ‘பிரித்தெடுத்தல்’ என்றே எழுதி வருகிறோம். ஒரு பொருளுக்குள் கலந்திருப்பதை அதிலிருந்து வெளியே எடுக்கும் முறைதான் அது. நறுமணப் பொருள், மூலிகை என்று வரும்போது இந்தச் சொல் காலை வாரிவிடுகிறது. மிளகுப் பொடியில் நீராவி செலுத்தி வடித்தால் மணமுள்ள எண்ணெய் மட்டும் வரும். காரம் தரும் பைப்பெரின் சக்கையிலேயே தங்கிவிடும். அதே பொடியை எத்தனாலில் (ஆல்கஹாலில்) ஊறவைத்தால் எண்ணெய், பைப்பெரின், பிசின் எல்லாம் சேர்ந்து வரும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், குப்பியில் இருப்பதில் காரம் உண்டா இல்லையா என்பதே படிப்பவருக்குப் புரியாது.

நீராவி வழிக்கு ‘வாலைவடித்தல்’ என்று சித்த மருத்துவத்தில் சொல் இருக்கிறது. அப்படிக் கிடைக்கும் நீர் தீநீர். காய்ச்சி வற்றவைத்தது குடிநீர். ஊறவைத்தது ஊறல் நீர். எத்தனால் போன்ற கரைப்பானைக் கொண்டு எடுக்கும் முறைக்குத்தான் தனிச்சொல் இல்லை. ‘சாரமெடுத்தல்’ என்று வைக்கலாமா? கிடைக்கும் பொருள் ‘சாரம்’.

*

ஐயா, வணக்கம். வாலைவடித்தலைத் தனியே வைத்தது மிகச் சரி. ஆனால் ‘சாரம்’ வேண்டாம். நவச்சாரம் என்பது ஓர் உப்பு. ஒரே மருந்துக் குறிப்பில் நவச்சாரமும் ‘மஞ்சள் சாரமும்’ வந்தால் இரண்டாவதையும் உப்பென்றே எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘சத்து’ ஊட்டச்சத்தோடு குழம்பும். ‘சாறு’ பச்சையாகப் பிழிந்தது.

தேயிலையில் சாயம் இறங்குகிறது என்கிறோம். பனையிலிருந்து பதநீர் இறக்குகிறோம். ஒரு பொருளுக்குள் இருப்பது நீர்மத்தில் சேர்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள வினை இது. தன்வினை, பிறவினை இரண்டும் கிடைப்பதுதான் இதன் பெரிய வசதி. ‘பைப்பெரின் எத்தனாலில் நன்றாக இறங்கும், நீரில் மிகச் சிறிதே இறங்கும்’ என்றும் எழுதலாம், ‘எத்தனாலில் இறக்கினோம்’ என்றும் எழுதலாம். ‘பிரித்தெடு’ என்பதில் முதலாவது வாக்கியத்தை எழுதவே முடியாது; பொருள் தானாக வெளிவருவதைச் சொல்ல அதற்கு வடிவம் இல்லை. செயலுக்குக் ‘கரைத்திறக்கல்’, விளைபொருளுக்கு ‘இறக்கு’ என்பது என் பரிந்துரை.

*

அம்மா, ‘இறங்கு/இறக்கு’ இணையைப் பார்த்ததும் என் சொல்லைக் கைவிட்டேன். ஒரு முழுச் செய்முறையில் தாங்குகிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

‘சுக்கு 100 கிராம். அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிக்கவும். மாவாக அரைத்தால் வடிதாள் அடைபடும், அரைக்கும் சூட்டில் மணமும் பறந்துவிடும். பருமனாக விட்டால் உள்ளே உள்ளது இறங்க வெகுநேரம் ஆகும். 95 விழுக்காடு எத்தனால் 1 லிட்டர் எடுத்துக்கொண்டு, முதலில் 400 மி.லி. ஊற்றி, அவ்வப்போது குலுக்கி, ஒரு நாள் கழித்து வடிக்கவும். அதே சக்கையில் 300, பிறகு 300 ஊற்றி மேலும் இருமுறை இறக்கவும். மூன்று இறக்குக் கரைசலையும் சேர்த்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, 40 முதல் 50 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் எத்தனாலை நீக்கவும். எஞ்சும் பழுப்புக் குழம்பே சுக்கு இறக்கு.’

ஏன் மூன்று தடவை என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். சக்கை 150 மி.லி. கரைசலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். ஒரே தடவையில் 1 லிட்டரையும் ஊற்றினால், கரைந்ததில் 15 விழுக்காடு சக்கையோடு போய்விடும். மேற்சொன்னபடி பிரித்து ஊற்றினால் சக்கையில் தங்குவது 37.5, 12.5, ஏறக்குறைய 4 விழுக்காடு என்று ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வரும். செலவாகும் எத்தனால் அதே 1 லிட்டர்தான். கடைசியில் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால் நீரிழந்து ஷோகால் என்ற வேறொரு பொருளாக மாறும். அப்போது நாம் இறக்கியது ஒன்று, குப்பியில் இருப்பது வேறொன்று.

இதில் ‘இறக்கு’ எங்கும் உறுத்தவில்லை. ‘இறக்கம்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடக் கூடாது, அது சரிவு.

*

ஐயா, செய்முறையில் வைத்துப் பார்த்ததற்கு நன்றி. இன்னும் இரண்டு சொற்கள்.

கார்பன் டைஆக்சைடு 31 டிகிரிக்கும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போகும் நிலையைச் ‘சூப்பர்கிரிட்டிக்கல்’ என்கிறோம். அந்த நிலையில் அதையே கரைப்பானாக்கி இறக்குவதும் உண்டு. ‘மாறுநிலை வெப்பநிலை’ பாடநூலில் நிலைத்துவிட்டதால் ‘மீமாறுநிலைக் கரைத்திறக்கல்’ என்றே அமையலாம். நீளம்தான், ஆனாலும் கரைப்பான் எந்த நிலையில் இருக்கிறது என்பது மறையவில்லை. அழுத்தத்தைத் தளர்த்தியதும் கரைப்பான் வாயுவாகிப் போய்விடுவதால் சூடேற்றி நீக்கும் வேலை இல்லை.

ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு ‘எதிர் ஆக்சிஜனேற்றி’ வேண்டாம், ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ போதும். அது செய்வதே தடுப்பு வேலைதான்: தனியுறுப்புக்கு (ஃப்ரீ ராடிக்கல் எனப்படும், எளிதில் வினைபுரியும் துகளுக்கு) தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலி வினையை அறுக்கிறது. இங்கேயும் உங்கள் முதல் கவலை திரும்ப வருகிறது. ரோஸ்மேரியில் கார்னோசிக் அமிலமும் ரோஸ்மரினிக் அமிலமும் தடுப்பான்களே. முன்னது எண்ணெய்ப் பாங்கு, மீமாறுநிலைக் கார்பன் டைஆக்சைடில் இறங்கும். பின்னது நீர்ப் பாங்கு, அதில் இறங்காது. நீர் கலந்த எத்தனால் வேண்டும். எனவே அகராதிப் பதிவில் ‘இறக்கு’ தனித்து நிற்காமல், ‘எத்தனால் இறக்கு’, ‘நீர் இறக்கு’ என்று கரைப்பானின் பெயரோடு வர வேண்டும் என்று விதியாகவே எழுதிவிடலாம்.