டர்ஃபுக்குள் அத்துமீறிப் போன கேஸ்: எப்படி முடிப்பது?

வணக்கம். குழுவில் வக்கீல்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

இடம் கோவை, சரவணம்பட்டி பக்கம் ஒரு தனியார் ஃபுட்பால் டர்ஃப் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்). போன சனிக்கிழமை ராத்திரி, பூட்டிய பிறகு, அக்கா பையனும் கூட்டாளிகளும் பின்பக்கப் பச்சை வலையைத் தூக்கி உள்ளே போய் ஆடியிருக்கிறார்கள். பையனுக்கு 19 வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். திருட்டு எதுவும் இல்லை. வலை ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. கேமராவில் எல்லார் முகமும் பளிச்சென்று தெரிகிறது. ஒருத்தன் அதைப் பார்த்துக் கையாட்டி வேறு இருக்கிறான்!

ஓனர் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பதிந்து ஸ்டேஷனில் தரும் ரசீது) போட்டாயிற்று. எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை. போட்டால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 329(3), அதாவது அத்துமீறி நுழைதல், என்கிறார்கள்: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான். ஆனால் குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருந்தால்தான் அந்தப் பிரிவே பொருந்தும். பந்தாடப் போனவனுக்கு அந்த நோக்கம் எங்கே என்று கேட்டால் ஸ்டேஷனில் யாரும் காதில் வாங்கவில்லை. "பேசி முடிச்சுட்டு வாங்க" என்பதோடு சரி.

ஓனரிடம் நேரில் போய் வலைக்கான செலவைத் தருகிறோம் என்றோம். 50,000 கேட்கிறார். கவுன்சிலரை வைத்தும் பேசிப் பார்த்தாயிற்று, இறங்கி வரவில்லை. பையனின் பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷன் வேறு நிலுவையில் இருக்கிறது.

கேட்ட பணத்தைக் கொடுத்து சி.எஸ்.ஆர். நிலையிலேயே முடிப்பதா, எஃப்.ஐ.ஆர். வந்தால் கோர்ட்டில் ராஜி செய்துகொள்வதா, எது பாஸ்போர்ட்டைப் பாதிக்காது?