நூறு ரூபாய்க்குள் ரயில் பயணம்: பாசஞ்சர் வண்டியில் நீங்க பார்த்த மனுசங்களைப் பத்திச் சொல்லுங்க

மாசக் கடைசி. ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், பர்ஸைக் கவுத்தாலும் நூறு ரூபாய்க்கு மேல விழாது. எங்கேயாவது போயிட்டு வரணும்னு கால் அரிக்கும்போது மிஞ்சறது பாசஞ்சர் வண்டி ஒண்ணுதான். கொரோனாவுக்கு அப்புறம் அதுலயும் மண்ணு விழுந்தது. 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்'னு பேரை மாத்தி, பத்து ரூபாயா இருந்த குறைஞ்சபட்சக் கட்டணத்தை முப்பது ஆக்கினாங்க. பெட்டி அதே பெட்டி, நிக்கற ஸ்டேஷனும் அதேதான். 2024 பிப்ரவரி கடைசியிலதான் மறுபடி பத்துக்கு இறங்குச்சு. அதனால இந்த இழையைத் தைரியமா ஆரம்பிக்கலாம்.

எந்த ஊர்ல என்ன பார்க்கலாம்னு யாரும் எழுத வேண்டாம், அதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு. வண்டிக்குள்ள யார்கிட்ட பேசினீங்க, என்ன நடந்துச்சு, அதை மட்டும் எழுதுங்க.

* * *

மெதுவாப் போற வண்டின்னா எங்க திருவாரூர்–காரைக்குடி டெமுவை (டீசல்ல ஓடற பாசஞ்சர் வண்டி) அடிச்சுக்க ஆள் கிடையாது. மீட்டர்கேஜைப் பிடுங்கிட்டு அகலப்பாதை போட்டு 2019 ஜூன்ல வண்டி விட்டாங்க. தண்டவாளம் ரெடி, ஸ்டேஷன் ரெடி, வழியில இருக்கற லெவல் கிராசிங்குக்கு மட்டும் ஆள் போடல. அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? கேட்கீப்பரை வண்டியிலேயே ஏத்திட்டாங்க. முன்பெட்டியில ஒருத்தர், பின்பெட்டியில ஒருத்தர். கேட் வந்தா வண்டி நிக்கும். முன்பெட்டிக்காரர் இறங்கிப் போய் ரெண்டு பக்கமும் சாத்திப் பூட்டிட்டு வந்து ஏறுவார். வண்டி கேட்டைத் தாண்டி இன்னொரு தரம் நிக்கும். பின்பெட்டிக்காரர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். அப்புறம் அடுத்த கேட். இப்படியே திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைன்னு காரைக்குடி வரைக்கும்.

150 கிலோமீட்டர்கூட முழுசா வராது. காலையில எட்டேகாலுக்குக் கிளம்பினா போய்ச் சேர மதியம் ரெண்டேகால். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு அதே வண்டி திருவாரூருக்கே திரும்பிடும். அதனால காரைக்குடியைச் சுத்திப் பார்க்கணும்னு கிளம்பறவனுக்கு இது லாயக்கில்ல.

நான் அப்ப நீலக்குடியில, மத்தியப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. ரூம்மேட்டுக்குப் பேராவூரணிப் பக்கம். அவன் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போறதுக்காக இந்த வண்டியைப் பிடிச்சோம். கவுன்டர்ல அம்பது ரூபாயை நீட்டினா டிக்கெட்டோட மீதிச் சில்லறையும் வரும். கேட் சாத்தற வித்தையைப் பக்கத்துல பார்க்கணும்னு முன்பெட்டியில ஏறினோம்.

அங்க இருந்தவர் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவர். நரைச்ச மீசை, மேல பளபளன்னு ஆரஞ்சு கோட்டு. சாவியைக் கயித்துல கோத்து மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தியிருந்தார். வண்டி வேகம் குறையும்போதே எந்திரிச்சு வாசல்ல நின்னுக்குவார், முழுசா நின்னப்புறம்தான் இறங்குவார். இறங்கறது சும்மா இல்ல. பிளாட்பாரம் கிடையாது, ஏணிப்படியில இறங்கிக் கடைசியா ஜல்லி மேல ஒரு குதி. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வலது முழங்காலை உள்ளங்கையால ஒரு தட்டு தட்டிக்குவார், மாட்டை எழுப்பற மாதிரி. எத்தனை கேட்டுன்னு என் நண்பன் கேட்டான். "எண்ண ஆரம்பிச்சா ஏற முடியாது தம்பி"ன்னுட்டு இறங்கிப் போயிட்டார்.

தில்லைவிளாகம் தாண்டி ஒரு கேட்டுல புல்லுக்கட்டோட ஒருத்தர் டிவிஎஸ்ல வந்து நின்னார். பாதி கேட்டு சாத்தியாச்சு. "அண்ணே, நான் மட்டும் போயிக்கிறேனே, மாடு கத்திக்கிட்டுக் கெடக்கு."

"நீ போனா உனக்குப் பின்னால அந்த டிராக்டர் போவும். அதுக்குப் பின்னால மினி பஸ்சு போவும். நாங்க இங்கயே பொங்கித் தின்னுட்டுப் படுத்துக்கவா?"

டிவிஎஸ்காரர் இன்ஜினை அணைச்சுட்டு, ஜன்னல்ல இருந்த எங்களைப் பார்த்து, "ஏந்தம்பி, நடந்து போயிருந்தாலே இந்நேரம் போய்ச் சேந்திருப்பீங்களே"ன்னார். பெட்டியே சிரிச்சுது. அடுத்த கேட்டு வரைக்கும் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரங்க ஆயிட்டோம். ஒரு அம்மா முறுக்கு டப்பாவைத் திறந்து வரிசையா நீட்டினாங்க.

பட்டுக்கோட்டை தாண்டினதும்தான் பேச்சு நின்னுச்சு. முந்தின வருஷம் நவம்பர்ல அடிச்ச கஜா புயல்ல சாஞ்ச தென்னந்தோப்பு. ஏழெட்டு மாசம் ஆகியும் சில இடத்துல மரம் அப்படியே கிடந்துச்சு. சிலது தலையில்லாம மொட்டையா நின்னுச்சு. கேட்கீப்பர் அந்த ஊர்க்காரர்தான். "இந்தப் பக்கம் ஜன்னல்ல பாத்தா ஆகாசமே தெரியாது தம்பி, அவ்ளோ தோப்பு"ன்னார். அவர் தோப்பு எத்தனை மரம்னு கேக்க எங்களுக்கு வாய் வரல. அதுக்குள்ள அடுத்த கேட் வந்துடுச்சு, முழங்காலைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுட்டார்.

இப்ப கேட்டுக்குக் கேட்டு ஆள் போட்டாச்சு, வேகமும் கூடியாச்சு. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸே அந்த வழியாத்தான் ஓடுது.

* * *

மேல எழுதினவருக்கு: நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் பட்டுக்கோட்டைக்காரன். உங்களுக்கு அது வேடிக்கை. எங்களுக்கு வருஷக்கணக்கா ரயிலே இல்லாம இருந்து, கடைசியில வந்த வண்டி அது. ஆறு மணி நேரம் உக்காந்து போக வேலைவெட்டி உள்ள எவனால முடியும்? மாணவர்களும் ரிட்டயர்டு ஆனவங்களும் மட்டும் ஏறினாங்க. பெட்டி காலியா ஓடினப்ப, 'பயணிகளே இல்ல, எதுக்கு வண்டி'ன்னு வேற பேசினாங்க. ஜன்னலோரம் உக்காந்து ரசிக்கறவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுக்கணும்.

கேட்கீப்பர் முழங்காலைத் தட்டறது மட்டும் நிஜம். நானும் பார்த்திருக்கேன், அது வேற ஆளு.

* * *

நான் தினமும் போனவ. கல்லிடைக்குறிச்சியில ஏறித் திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும், செங்கோட்டை பாசஞ்சர்ல. நூறு ரூபாய் பட்ஜெட்டுன்னு எழுதியிருக்கீங்க, எனக்குச் சுத்தமா செலவே கிடையாது. நிறைய பேருக்குத் தெரியாது: வீட்டுக்கும் காலேஜுக்கும் நடுவுல போயிட்டு வர, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு டிகிரி முடியற வரைக்கும் ரெண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். பையன்களுக்கு 12ஆம் வகுப்பு வரைக்கும். காலேஜ்ல சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தாப் போதும். என் கூடப் படிச்ச ஒருத்தி இது தெரியாம ரெண்டு வருஷம் பஸ்சுக்குக் கொட்டி அழுதா.

காலை வண்டியில யாருக்கு எந்த இடம்னு எழுதாத பட்டா உண்டு. ஜன்னல்ல கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கறதெல்லாம் வெளியூர்க்காரங்க வேலை. வாசல் பக்கம் கீழ, கால் நீட்டிக்கிட்டு, ரெண்டு கீரைக்கூடையோட ஒரு ஆச்சி உக்காந்திருப்பாங்க. எவ்வளவு இடம் காலியா இருந்தாலும் சீட்டுல உக்கார மாட்டாங்க. கீரைக்குக் காத்து வேணுமாம்.

எனக்கு பி.எஸ்சி. தாவரவியல். செமஸ்டர் நேரம், நின்னுக்கிட்டே நோட்டைப் பார்த்து முணுமுணுத்துட்டு வந்தேன்.

"ஏட்டி, என்னத்த முணுமுணுக்க?"

"குடும்பம் படிக்கேன் ஆச்சி."

"யார் குடும்பத்தை?"

"செடிக்கெல்லாம் குடும்பம் உண்டு ஆச்சி. ஒங்க தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். அமராந்தேசியே."

ஆச்சி அந்தப் பேரைக் கண்டுக்கவே இல்ல. "பின்ன, அது ரெண்டும் அக்கா தங்கச்சிலா. பாத்தாலே தெரியுமே, இதுக்குப் பரிச்சை வேறயா?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம். கூடையில கிடந்த பருப்புக்கீரையைக் காட்டி இது என்ன சேத்தின்னேன். ஆச்சி ஒரு தண்டை எடுத்து நகத்தால கிள்ளி என் உள்ளங்கையில தேச்சாங்க. ஈரம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு. "இது வேற சாதி. தண்டுலயே தண்ணி வச்சிருக்கும். நீ தண்ணி ஊத்தலைன்னாலும் நாலு நாளு கிடக்கும்." புத்தகத்துல போர்ச்சுலகேசியே, சதைப்பற்றுள்ள தண்டுன்னு ஒரு பக்கத்துக்கு இருக்கறதுதான்.

அப்புறம் தினமும் இது ஒரு விளையாட்டு. கீரைக்கு நடுவுல வேணும்னே ஏதாவது களைச் செடியைச் சொருகி எடுத்துட்டு வந்து, "இது யாரு வீட்டுப் பிள்ளை, சொல்லு"ன்னு நீட்டுவாங்க. குப்பைமேனியில நான் முழிச்சேன். பக்கத்துல இருந்த பேங்க் அக்கா போன்ல தேடி யூபோர்பியேசியேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தா. ஆச்சி அதை ஒத்துக்கலை, காப்பியடிச்சா மார்க்கு கிடையாதாம்.

ஊர் சுத்த வர்றவங்களுக்கு ஒண்ணு. திருநெல்வேலியிலேர்ந்து செங்கோட்டை போகும்போது இடப்பக்க ஜன்னல் பிடிங்க. கல்லிடைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல தாமிரபரணிப் பாலம். ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் போகும்போது மலை கூடவே வரும். காலை எட்டு மணி கூட்டத்துல மட்டும் ஏறிடாதீங்க, எங்களுக்கே நிக்க இடம் இருக்காது.

* * *

கதை எனக்கு வராது, டிக்கெட் விஷயம் மட்டும். பாசஞ்சர் டிக்கெட்டை வச்சுக்கிட்டு, 'எல்லாம் அன்ரிசர்வ்டுதானே'ன்னு எக்ஸ்பிரஸ்ல ஏறாதீங்க. வித்தியாசத் தொகையோட குறைஞ்சது 250 ரூபாய் அபராதம். ரயில்வே ஆப்ல டிக்கெட் எடுக்கும்போது ஆர்டினரியா, மெயில் எக்ஸ்பிரஸா, சூப்பர்ஃபாஸ்டான்னு கேக்கும், அவசரத்துல தப்பாத் தட்டிடாதீங்க. பிளாட்பாரத்துக்கு வந்தப்புறம் ஆப்ல பேப்பர் இல்லாத டிக்கெட் எடுக்க விடாது. ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணா எடுக்கலாம். காலையிலேயே டிக்கெட்டை வாங்கி வச்சுட்டு மத்தியானம் ஏறலாம்னும் நினைக்காதீங்க, 200 கிலோமீட்டருக்குள்ளன்னா பொதுவா மூணு மணி நேரத்துக்குள்ள கிளம்பியாகணும்.

போற வண்டியைவிடத் திரும்பற வண்டியை முதல்ல பாருங்க. நூறு ரூபாய் பயணம் முன்னூறு ஆகறது எப்பவும் சாயங்காலம்தான்.

* * *

கீரை ஆச்சிக்கு முன்னாடி என் கதை நிக்காது, இருந்தாலும் எழுதறேன்.

நான் மதுரையில 2022ல காலேஜ் சேர்ந்தேன். அந்த டிசம்பர்லேர்ந்து பாம்பன் பழைய பாலத்துல ரயில் போகறதை நிறுத்திட்டாங்க. ராமேஸ்வரம் பாசஞ்சர்னு பேரு, மண்டபத்தோட சரி. அங்க இறங்கி பஸ் பிடிக்கணும். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தப்ப நாங்க கடைசி செமஸ்டர். பரீட்சைக்கு நடுவுல கிடைச்ச லீவுல நாலு பேர் விடிகாலை வண்டியில ஏறிட்டோம். புளியோதரைப் பொட்டலம் வீட்லேர்ந்து, தண்ணி ஸ்டேஷன் குழாய்ல.

பரமக்குடியில ஒரு பெரியவர் ஏறி எங்க எதிர்ல உக்காந்தார். பாம்பன்ல போட் இன்ஜின் ரிப்பேர் பண்றவராம், கை ரேகையெல்லாம் கிரீஸ். மண்டபம் தாண்டினதும் பெட்டியில இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிட்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் முண்டினாங்க. அவர் மட்டும் அசையல. "என்னங்கய்யா, பார்க்கலையா?"ன்னு கேட்டேன்.

"பழைய பாலத்துல வண்டி ஊந்து போகும். பீடியைப் பத்த வச்சா முடிச்சிடலாம், அம்புட்டு நேரம். கீழ எந்த போட்டு யாருதுன்னு பேர் சொல்லிக் கூப்புடுவேன், அவன் கை காட்டுவான். இதுல எங்க? உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம்."

நிஜம்தான். எங்களுக்கு வீடியோவில பாதி நேரம் முன்னாடி நின்னவன் தலைதான் விழுந்திருக்கு. நடுவுல கப்பலுக்காக மேல தூக்கற 72.5 மீட்டர் இரும்புத் தூக்கு வந்ததும் தெரியல, போனதும் தெரியல. பக்கத்துல 1914ல கட்டின பழைய பாலம் ஆள் இல்லாம நின்னுச்சு, அதைத்தான் நல்லாப் பார்த்தோம்.

புதுப் பாலத்தைக் குறை சொல்றாரேன்னு நினைச்சா, இறங்கும்போது அவரே, "மண்டபத்துக்கு பஸ்ல அலைஞ்ச கொடுமை விட்டுச்சு, அது போதும்"னுட்டுப் பையைத் தூக்கிட்டுப் போனார். பீடிக்கும் பஸ்சுக்கும் நடுவுல மனுசன் கணக்குத் தெளிவாத்தான் இருந்துச்சு.

சாயங்கால வண்டியில திரும்பறப்போ நாலு பேருமே தூங்கிட்டோம், பாலம் போனதே தெரியாது.

2023 ஜூன்லேர்ந்து போடி வரைக்கும் ரயில் ஓடுது. ஆண்டிபட்டிக் கணவாய் வழியா அதுல போனவங்க யாராவது இருந்தா எழுதுங்க. அடுத்த மாசக் கடைசிக்கு அதுதான் பிளான், திரும்பற வண்டியோட டைம் மட்டும் எனக்கு வேணும்.